ஒச்சம்மாள் அடித்த ஆணி

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது படம் போடுகிறவன் சொன்ன பழமொழி. சுவரை வாடகைக்கு விட்டவனுக்குச் சித்திரமும் வேண்டாம், அதை மாட்ட ஆணியோடு வருகிறவனும் வேண்டாம். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலை தேடி வருகிற சனம் மூட்டை முடிச்சோடு எங்கள் பூலாங்காட்டு வீதியில் வந்து நிற்கும்போது, வீட்டைத் திறந்து காட்டுவதற்கு முன்னாலேயே நாங்கள் சொல்லிவிடுவோம்: ஆணி அடிக்கக் கூடாது, மிளகாய் வறுத்தால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், ஊரிலிருந்து ஒறம்பரை என்று சொந்தபந்தம் வந்தால் அன்றைக்கே பஸ் ஏற்றி அனுப்பிவிட வேண்டும், மோட்டார் ஓடும்போதுதான் தண்ணீர், மோட்டார் எப்போது ஓடும் என்று கேட்கக் கூடாது. குடி வருகிறவனை முதல் நாளே கண்டித்துவிட வேண்டும், தோளில் ஏறிய பிறகு இறக்க முடியாது. இதைப் புத்தியாகவே சொல்கிறேன், வாடகைக்கு விட நாலு ரூம் கட்டுகிறவர்கள் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

எங்களில் ஆணி விஷயத்தில் மிகக் கறாரானவர் சென்னியப்பன். முன்னால் சொந்த வீடு, பின்னால் ஒரே வரிசையில் ஏழு ரூம் கொண்ட லைன் வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இரும்புக் கேட்டு, பட்டா முழுக்க அவர் பேரில். ஹாலோ பிளாக் சுவர், மேலே விரல் கனத்துக்குப் பூச்சு. ஓர் ஆணி இறங்கினால் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து வரும் என்பது உண்மைதான், ஆனால் அவர் கோபம் பூச்சோடு நிற்கிற கோபம் இல்லை. ஒரு தடவை கடைசி ரூமில் இருந்த கட்டிங் மாஸ்டர் சாமி காலண்டர் மாட்டச் சின்னதாக ஓர் ஆணி அடித்துவிட்டார் என்பதற்காக, அவர் கையை அதே சுவரில் வைத்து அழுத்திப் பிடித்து, அதே சுத்தியலால் கத்தரி பிடிக்கிற விரலை நசுக்கினார் சென்னியப்பன். அந்த ஆள் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அந்தக் கதையைப் புதிதாகக் குடி வருகிறவர்களிடம் நாங்கள் சிரித்துக்கொண்டே சொல்வோம், அவர்களும் சிரிப்பார்கள், அதற்குப் பிறகு வீதியில் ஒரு சுவரிலும் ஒரு கீறல் விழவில்லை.

சென்னியப்பனின் முதல் ரூமில் தவசி என்பவனும் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாளும் இருந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துச் சனம். அவன் குடோனில் துணி பேல் ஏற்றி இறக்குகிறவன், அவள் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள். ஒரு நாள் பின்னால் வந்த லாரிக்கும் குடோன் சுவருக்கும் நடுவில் தவசி மாட்டிக்கொண்டான், நெஞ்சுக்கூடு நொறுங்கி அங்கேயே உயிர் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் அறுத்துக் கட்டிக் கொடுத்த உடம்போடு மறுநாள் காலை வேன் எங்கள் வீதிக்குள் வந்தது. வேன் திரும்புகிற சத்தம் கேட்டதும் சென்னியப்பனின் மனைவி மயிலாத்தாள் ஓடிப்போய்க் காலண்டரைப் பார்த்தார். "ஏனுங்க, நேத்து அவிட்டமுங்க. ஆறு மாசம் அடைப்பு. கேட்டப் பூட்டுங்க மொதல்ல" என்றார்.

அவிட்டத்தில் செத்தவனை வைத்து எடுத்தால் அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும், பூட்டிய ரூமைப் பார்த்தால் பக்கத்து ரூம்காரனும் காலி செய்வான், அப்புறம் வருஷக் கணக்கில் அந்தப் பக்கம் காக்காய் கூட உட்காராது. வாடகை வீட்டில் சாவு விழக் கூடாது என்பது ஆணியை விடப் பெரிய சட்டம். ஆணியையாவது சொல்லித்தான் விடுகிறோம், இதைச் சொல்வதே இல்லை, சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். சென்னியப்பன் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நாங்களாக இருந்தாலும் பூட்டியிருப்போம், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

"நடு வீட்ல ஒரு நாழி கெடத்திட்டு எடுத்துர்றேன் ஓனரய்யா. அவுக வீடு தேடி வந்திருக்காக, வாசல்லயே நிக்க வைக்காதீக" என்றாள் ஒச்சம்மாள்.

"ரோட்டுல வெச்சுப் பாத்துக்க. உள்ள ஒரு அடி வரப்படாது" என்றார் சென்னியப்பன்.

அவள் இரண்டு கையாலும் கேட்டுக் கம்பியைப் பிடித்து உலுக்கினாள், அவர் மாடு ஓட்டுகிற பிரம்பை எடுத்து வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த விரல்களின் மேல் அடித்தார், அவள் விடவில்லை, மறுபடி அடித்தார், தோல் கிழிந்து கம்பியில் ரத்தம் இறங்கியது, அப்போதும் விடவில்லை, பிரம்பைக் கம்பிக்குள் விட்டு நெற்றியில் ஒரு குத்துக் குத்தினார், அதற்குப் பிறகுதான் கீழே உட்கார்ந்தாள். டீக்கடைக்காரர் ஒரு பெஞ்சைக் கொடுத்தார், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் அதைப் போட்டுத் தவசியைக் கிடத்தினார்கள், உள்ளே பூட்டப்பட்டிருந்த மற்ற ரூம்காரர்கள் குளிப்பாட்டத் தண்ணீரைக் குடம் குடமாகக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள், லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஒச்சம்மாள் மின்மயானத்திலிருந்து திரும்பி வந்தபோது கேட்டு திறந்தே கிடந்தது, உயிரோடு வருகிறவர்களை எப்போதும் தடுப்பதில்லை.

சில நாள் கழித்து அவள் தவசியின் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு எடுத்து வந்தாள். கூடவே ஒரு கான்கிரீட் ஆணி. சுத்தியல் இல்லாததால் அம்மிக் குழவியைத் தூக்கினாள். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஊர் கேட்கட்டும் என்று, நடு வீட்டுச் சுவரில் ஓங்கி அடித்தாள்.

முன் வீட்டில் சென்னியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் அடியில் அவர் கையிலிருந்த கவளம் இலையில் விழுந்தது, அடுத்த அடியில் இடது தோளுக்குக் கீழே சட்டை நனைந்தது, அதற்கடுத்த அடியில் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஆணியின் தலை வெளியே தெரிந்தது.

"ஏனுங்க, தோள்ல என்னமோ நீட்டிட்டிருக்குது" என்றார் மயிலாத்தாள்.

"ஆணி" என்றார் சென்னியப்பன். "அந்தச் செத்தவன் பொண்டாட்டி அடிக்கறா. கொழம்ப இங்கத்தாலெ தள்ளு, தின்னுட்டுப் போயி அவ மண்டையத் தெறக்கறேன்."

ஆனால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஒச்சம்மாள் படத்தை மாட்டியிருந்தாள், மாட்டிய நேரத்தில் அவர் இடது தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "ஒரு முழு ஆளு தொங்கறானே, எலும்பு பிடுங்கிட்டு வருதே" என்று கத்தினார். டாக்டர் வந்து பார்த்தார், ஆணி துருப்பிடித்ததா என்று கேட்டார், புது ஆணிதான் என்றதும் நிம்மதியாக ஓர் ஊசி போட்டார், சுற்றிலும் பஞ்சு வைத்துக் கட்டினார், வீட்டுப் பட்டா யார் பேரில் என்று விசாரித்துவிட்டு, அப்படியானால் சுவரில் எடுக்காமல் உடம்பில் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். பார்த்துவிட்டு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் தோளைத் தடவிக்கொண்டு வந்தோம்.

தடவியது வீண் போகவில்லை, அந்த வாரத்துக்குள் வீதி முழுக்க அப்படித்தான் ஆயிற்று. மாடி வீட்டுக்காரர் கிட்டுசாமியின் கண்ணிலிருந்து ராப்பகலாகத் தண்ணீர் ஊற்றியது, போய்ப் பார்த்தால் அவர் வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருந்தது. எனக்குத் தொடையில் தாங்க முடியாத அரிப்பு, பார்த்தால் என் இரண்டாவது ரூம் கதவு நிலை முழுக்கக் கரையான். ஒருவர் தப்பித்துக்கொள்ளலாம் என்று வீட்டைப் பெண்டாட்டி பேருக்கு எழுதிவைத்தார், எழுதின கையோடு நோவும் பெண்டாட்டிக்குப் போனது, அந்த அம்மாள் உலக்கையை எடுத்து அவர் முட்டியை உடைத்தார். குடித்தனக்காரன் செய்தது பட்டாவோடு போகும், சொந்தக்காரன் தானே செய்துகொண்டது அவனோடேயே இருக்கும் என்று சட்டம் தெரிந்தவர்கள் மாதிரி நாங்கள் பேச ஆரம்பித்தோம்.

குடித்தனக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? வருஷக் கணக்கில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். வடக்கு முனையில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு உட்கார்ந்து, கால் கிலோ ஆணி வாங்கி வந்து, டீ குடித்துக் குடித்து அடித்தான், அவன் வீட்டு ஓனர் பாயில் உருண்டு உருண்டு சாயங்காலத்துக்குள் வாழைத்தண்டாகத் துவண்டார். மறுநாள் நாங்கள் அவனை வீதிக்கு இழுத்து வந்து விலா தெறிக்க மிதித்தோம். வீதியில் வைத்து மிதித்தால் எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதை அதற்குள் கண்டுபிடித்திருந்தோம். அவர்கள் சேர்ந்து கொண்டு எங்களில் ஒருவரின் கூரை ஓடுகளை உடைத்தார்கள், அவர் மண்டை பிளந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு மாதம் எங்கள் வீதியில் பல் விழாத நாள் இல்லை. பிறகு இரண்டு பக்கமும் களைத்துப் போய், எதிரே பார்த்தால் "சாப்பிட்டாச்சுங்களா" என்று கேட்டுக்கொள்ளப் பழகினோம். குழாய் ஒழுகினால் அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிட்டோம், பொங்கலுக்குக் காத்திராமல் வெள்ளையடித்தோம், வெள்ளையடித்த நாளில் உடம்பு சந்தனம் பூசின மாதிரி குளிர்ந்தது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன், மாதம் ஒரு தடவை போய்ப் பாருங்கள், போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

வீதியே பழகிவிட்டது, சென்னியப்பன் மட்டும் பழகவில்லை. தனக்குத் தெரிந்த வழியில் ஒச்சம்மாளைக் காலி செய்யப் பார்த்தார், ஓனருக்குத் தெரிந்த வழி உலகம் பூராவும் ஒன்றுதான். முதலில் தண்ணீரை நிறுத்தினார்; அவருக்கு மூத்திரம் நின்று வயிறு பானையாக உப்பியது, மறுநாள் தானே தவழ்ந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கரண்டு பீஸைப் பிடுங்கினார், நெஞ்சு விட்டு விட்டு அடித்து நாக்கு வெளியே தள்ளியது. பிறகு மச்சினன் பொங்கியண்ணனைக் கூப்பிட்டு ஆணியைப் பிடுங்கச் சொன்னார். அவன் உள்ளே நுழைந்து, தடுக்க வந்தவளைக் காலால் எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு, கட்டிங் பிளேயரால் ஆணியைப் பிடித்து முறுக்கி இழுத்தான், ஆணியோடு ஒரு சில்லு எலும்பும் வந்தது, முன் வீட்டில் சென்னியப்பன் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. ஒச்சம்மாள் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், வேறு ஆணி எடுத்தாள், பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே அடித்தாள்.

அடுத்து அவள் கம்பெனிக்குப் போயிருந்த நேரத்தில் ரூமைப் பூட்டிவிட்டார்கள். பூட்டு விழுந்ததும் சென்னியப்பனின் தொண்டை அடைத்தது, சோறும் இறங்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. சாயங்காலம் வந்தவளைப் பொங்கியண்ணன் கூந்தலைப் பிடித்து வீதியில் தரதரவென்று இழுத்து, டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் முகத்தை மோதினான். அவள் அவன் கட்டை விரலை நகத்தோடு கடித்துத் துப்பினாள், துப்பிவிட்டு அந்தக் கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போகவும் இல்லை, அழவும் இல்லை, வீங்கிய கண்ணால் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புருஷனின் நாக்கு காய்ந்து வெடித்ததைப் பார்த்து மயிலாத்தாள் தானே சாவியோடு வெளியே வந்தார். "உள்ள வந்து தொலையாத்தா, இந்த மனுசன் செத்துருவாரு" என்றார். ஒச்சம்மாள் உள்ளே போய்க் கதவைத் திறந்தாள், சென்னியப்பன் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார், குடித்து முடித்ததும் அவளைத் திட்டினார்.

இது இப்படியே போனால் வீதியின் பேர் கெட்டுவிடும் என்று நாங்கள் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டோம். சென்னியப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்தோம். ஒச்சம்மாளையும் வரச் சொன்னோம், வந்து எல்லோருக்கும் எதிரில் நின்றாள், நெற்றியில் பிரம்புத் தழும்பு, கன்னத்தில் கம்பத்துத் தழும்பு.

"உனக்கு என்னதான் வேணும், சொல்லு" என்று கேட்டேன்.

"காசு பணமெல்லாம் வேணாங்கய்யா. அவுக செத்து வந்தப்ப வீட்டுக்குள்ள வரலை. கேட்டைத் தொறந்து வச்சு, அவுக படத்த ஓனரய்யா கையில வாங்கி, 'உள்ள வா தவசி'ன்னு ஒரு வார்த்த சொல்லிக் கூட்டியாந்து நடு வீட்ல வைக்கட்டும். நானே ஆணியப் பதமாப் புடுங்கி எண்ணெ தடவி விடுறேன். படத்தத் தரையில சாச்சு வச்சுக்கிர்றேன்."

இவ்வளவுதானே என்று எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கிட்டுசாமி கூட, "ஒரு வார்த்த தானுங்களே மாப்ள, சொல்லிப்போட்டா நோவு தீந்துது" என்றார்.

சென்னியப்பன் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார். "அவிட்டத்துல செத்தவன, என்ற வாயால, என்ற ஊட்டுக்குள்ள வான்னு கூப்படறதா? அதுக்கு நான் செத்துப் போலாம்."

"அதத்தானுங்க பண்ணிட்டிருக்கீங்க" என்றார் மயிலாத்தாள். அத்தனை பேர் முன்னால் அவர் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை, அப்போதும் மரியாதை குறையவில்லை. கொங்கு நாட்டுப் பெண்கள் புருஷனைத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள்.

மறுநாள் விடிந்ததும் சென்னியப்பன் சம்மட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். இடது கை வெறும் கயிறாகத் தொங்கியது, வலது கை ஒன்றால் சம்மட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டே போனார். "அந்த ரூமே வேண்டாம். கையோட போகட்டும். சாவு குடியிருக்கற எடத்த இடிச்சுத் தள்ளிப்போட்டு மிச்ச ஒடம்போட இருந்துக்கறேன்" என்றார். கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார் பாவம், இடது தோளும் கையும் மட்டும் அந்த ரூம் என்று. எந்த ரூம் எந்த உறுப்பு என்று எங்களில் யாருக்குமே சரியாகத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசிக்கொள்வோம், அவ்வளவுதான். ஒரு வீட்டின் எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று கட்டின கொத்தனாரைக் கேட்காமல் எந்த ஓனரும் சம்மட்டியைத் தூக்கக் கூடாது.

முதல் அடியில் ஒரு பிளாக் நொறுங்கியது, அவர் விலாவில் ஒன்று முறிந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. பொங்கியண்ணன் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப்பிடித்தான், சென்னியப்பன் திரும்பி வீசிய வீச்சில் அவன் மணிக்கட்டு முறிந்து தொங்கியது, அதற்குப் பிறகு கிட்டப் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. அடித்தார், வாயில் ரத்தம் வந்தது, துப்பிவிட்டு அடித்தார், காலில் விழுந்து கெஞ்சிய மயிலாத்தாளைத் தள்ளிவிட்டு அடித்தார், இடுப்பு ஒரு பக்கம் இறங்கியது, முட்டி போட்டுக்கொண்டு அடித்தார், ஒவ்வொரு அடிக்கும் தவசியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், செத்தவன் ஒருவனை ஒரு மனுஷன் அவ்வளவு திட்டி நாங்கள் கேட்டதில்லை. உள்ளே ஒச்சம்மாள் ஆணியில் தொங்கிய படத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முதுகைச் சுவரோடு முட்டுக்கொடுத்து நின்றாள், பெயர்ந்த பிளாக் தோளில் விழுந்து ரத்தம் வந்தது. "நிறுத்துங்கய்யா, நெசமாவே செத்துப் போவீக, நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள். அவள் குரல் வருகிற இடத்தைப் பார்த்து அவர் இன்னும் ஓங்கி அடித்தார்.

சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தபோது அவர் நெஞ்சும் அதே அளவுக்குப் பிளந்திருந்தது. சம்மட்டியைப் போட்டுவிட்டு அந்த ஓட்டை வழியாக உள்ளே போனார். படத்தைப் பிடுங்க வலது கையை நீட்டினார், விரல்கள் கண்ணாடி வரைக்கும் போயின, அதற்கு மேல் போகவில்லை. நடு வீட்டில் குப்புற விழுந்தார். ஒச்சம்மாள் அவரைப் புரட்டி மல்லாத்தித் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், வாயில் தண்ணீர் விட்டாள், தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வந்தது.

நாங்கள் ஓட்டையைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒறம்பரை கூடியது, கூடியதும் குசுகுசுப்பும் கூடியது. முன் வீட்டில் ஐப்பசியில் பெண்ணுக்கு நிச்சயம் வைத்திருக்கிறார்கள், இன்றைக்கு என்ன நட்சத்திரமோ, முன் வீட்டுக்குள் தூக்கிப் போனால் அதுவும் அடைப்பாகிவிட்டால் என்ன செய்வது, இங்கிருந்தே வண்டியில் ஏற்றி நேராக மயானத்துக்குப் போய்விட்டால் என்ன என்று ஒரு பெரியவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். பொங்கியண்ணன் முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு காலண்டர் பார்க்க முன் வீட்டுக்குப் போனான்.

"எங்கயும் தூக்க வேணாம்" என்றாள் ஒச்சம்மாள். "இந்த வீட்டுக்கு வாடகை குடுக்குறவ நானு. இங்கயே கெடக்கட்டும். தண்ணி ஊத்தணும்கிறவுக வாசல் வழியா வாங்க."

அப்போதுதான் மயிலாத்தாள் "ஐயோ" என்று ஒரு சத்தம் போட்டார். புருஷனுக்காகப் போட்ட சத்தம் என்று நினைத்துத் திரும்பினோம், அவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார், சேலைத் தலைப்பு நனைந்து கொண்டிருந்தது, விரல்களுக்கு நடுவில் ஆணியின் தலை தெரிந்தது. இடித்த சுவரின் நோவு இடித்தவரோடு போய்விட்டது, குடித்தனக்காரி அடித்த ஆணி பட்டாவோடு அடுத்த ஆளுக்கு வந்துவிட்டது, வீதியின் சட்டம் தெரிந்த எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒச்சம்மாள்தான் பதறிப்போனாள். மடியிலிருந்த தலையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா, உங்களுக்குன்னு நான் அடிக்கலக்கா. எடுத்துர்றேன், இருங்க, இப்பவே எடுத்துர்றேன்" என்று படத்தின் பக்கம் போனாள்.

"இரு புள்ள" என்றார் மயிலாத்தாள். "தொடாத. கொஞ்சம் இரு."

வாசல் வழியாக உள்ளே வந்தார். தோளிலிருந்து கையை எடுத்தார். இடது கையைத் தூக்கிப் பார்த்தார், தூக்க முடிந்தது, இறக்கினார், மறுபடியும் தூக்கினார். சுவரில் தொங்கிய தவசியின் படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. ஆணி குத்துனா வலிக்காதா? ஆனா கனமே இல்லியே புள்ள. ஒரு ஆளு தொங்கறான்னுதான சொன்னாரு. தெனமும் இவ்வளவுதானா, இல்ல ஏறி எறங்குமா?"

"இல்லக்கா. ஒரு சட்டமும் கண்ணாடியுந்தேன். எப்பவுமே இம்புட்டுத்தேன்."

மயிலாத்தாள் தரையில் உட்கார்ந்தார். பிளந்து கிடந்த நெஞ்சை முந்தானையால் மூடினார், முகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூளை உள்ளங்கையால் துடைத்தார், கண்ணை மூடிவிட்டார். அழப்போகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஏனுங்க, போங்க, வாங்க என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தையில் கூப்பிட்டறியாத அந்த மனுஷனின் முகத்துக்கு நேரே குனிந்து, "இதுக்காடா செத்த?" என்று கேட்டு, கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.